செங்கோட்டையில் வாடகை வீடு தேவை

கூலி வேலை பார்க்கும் நாலு பேர் குடும்பத்துக்கு, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு வேணும். வாடகை 4,000க்குள். முன்பணம் மூணு மாச வாடகைக்கு மேல் வேண்டாம். 2017 வாடகைச் சட்டம் சொல்லும் அளவும் அதுதான்.

தனி மின் மீட்டர் அவசியம். மூணு வீட்டுக்கு ஒரே இணைப்பு என்றால் இலவச 100 யூனிட் ஒருமுறைதான் கழியும், மிச்சம் மேல் படிக் கட்டணத்தில் ஏறும். வாடகை குறைவு என்று போய் கரன்ட் பில்லில் அழுவது இப்படித்தான்.

ஒத்தி வீடும் (மொத்தமா ஒரு தொகை கொடுத்து, மாச வாடகை இல்லாமல் இருப்பது) சரி, ஆனால் வீட்டு மேல் கடன் பதிவு இருக்கா என்று காட்டும் வில்லங்கச் சான்று பார்த்த பிறகே பணம். வீடு ஏற்கெனவே கடனில் இருந்தால் ஒத்திப் பணம் மாட்டிக்கும்.

முன்பணத்துக்கு உதவும் சங்கமோ அறக்கட்டளையோ தென்காசிப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்க அண்ணாச்சி.