பட்டறைத் தாத்தாவின் லேத்தை எடைக்குப் போடுவதற்கு முன்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன வாரம் மஸ்கட் அண்ணன் போட்ட மடலையும் அதற்கு வந்த பதில்களையும் இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். லேத்து என்கிற கடைசல் மெஷினை வைத்து ஊர்ப் பம்ப் செட்டுகளைச் சரிசெய்துவந்த பட்டறைத் தாத்தாவின் கட்டடம் ஒழுகுகிறது, வாரிசுகள் ஊரில் இல்லை, பழைய இரும்புக்கடைக்காரர் கிலோ கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார், நம்ம ஊர்ச் சங்கம் ஏதாவது செய்யுமா என்பதுதானே கேள்வி? பாதிப் பேர் அருங்காட்சியகம் வைக்கலாம் என்கிறீர்கள். மீதிப் பேர் காசுக்கு எங்கே போவது என்கிறீர்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஆனால் இதே மாதிரி ஒருத்தருடைய வீட்டையும் பட்டறையையும் அப்படியே வைத்திருந்ததை 2012இல் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். இன்றைக்குப் போனால் அதை அப்படிப் பார்க்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது மான்செஸ்டருக்கு வடக்கே. கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளியில் படித்துவிட்டு, அசல் மான்செஸ்டருக்கு வந்தபோது ஒரு மில்லும் ஓடவில்லை. சிவப்புச் செங்கல் கட்டடங்கள் மட்டும் நிற்கின்றன, சிலவற்றில் குடித்தனம், சிலவற்றில் சோபா கடை. பக்கத்து ஊர் போல்ட்டனும் பஞ்சாலை ஊர்தான். ஒரு காலத்தில் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் புகைபோக்கி. அந்தப் புகைபோக்கிகளில் ஏறிப் பிழைத்தவர்தான் ஃப்ரெட் டிப்னா.

1938இல் போல்ட்டனில் பிறந்தவர். தச்சு வேலை கற்றுக்கொண்டு, பிறகு உயரமான புகைபோக்கிகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலுக்குப் போனார். இங்கே அந்த வேலைக்காரரை ஸ்டீபிள்ஜாக் என்பார்கள். 1978இல் போல்ட்டன் நகர மண்டபத்துக் கடிகாரக் கோபுரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவரைத் தொலைக்காட்சிக்காரர்கள் பிடித்துப் பேட்டி எடுத்தார்கள். அடுத்த வருடம் பிபிசி அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தது. பிறகு கடைசிவரைக்கும் அவர் தொலைக்காட்சியில் வந்துகொண்டே இருந்தார். தலையில் ஒரு தட்டைத் தொப்பி, கையெல்லாம் கிரீஸ், வாயில் போல்ட்டன் பேச்சு. நம்ம ஊர் டீக்கடையில் உட்கார வைத்திருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

2012இல் அப்பா ஆறு மாதம் வந்து தங்கியிருந்தார். அரண்மனை, பாலம், ராட்டினம் எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். எல்லாவற்றுக்கும் "ம், நல்லா இருக்குது கண்ணு" என்று ஒரே பதில். முப்பது வருடம் மில்லில் மெஷின்களைப் பூட்டிச் சரிசெய்யும் பிட்டராக இருந்தவருக்கு ராட்டினத்தைக் காட்டினால் வேறு என்ன சொல்வார்? பிறகுதான் டிப்னா வீட்டுக்குக் கூட்டிப்போகத் தோன்றியது.

ராட்கிளிஃப் சாலையில் இருக்கிறது வீடு. ஒரு பிரபுவின் பண்ணைக்கு வாசல் காவல் வீடாக விக்டோரியா காலத்தில் கட்டியது. 1967இல் கல்யாணம் ஆனதும் வாங்கி, தானே இழுத்துக் கட்டிப் பெரிதாக்கியிருக்கிறார். முன்பக்கம் பார்த்தால் அழகான சின்ன வீடு. பின்பக்கம் போனால் ஒரு தொழிற்சாலையின் கொல்லைப்புறம். கொதிகலன், துருப்பிடித்த சக்கரங்கள், சங்கிலி, பல்சக்கரம், ஒரு புகைபோக்கி. எல்லாவற்றுக்கும் மேலே, சுரங்கத்தில் கூண்டை இறக்கி ஏற்றுவார்களே, அந்த மாதிரி மரக்கோபுரம் ஒன்று. அதற்குக் கீழே நூறடி ஆழத்துக்குக் குழி தோண்டிச் செங்கல் வைத்துக் கட்டி, பழைய நிலக்கரிச் சுரங்கம் எப்படித் தோண்டினார்கள் என்று காட்டப்போவதாகத் திட்டம். அனுமதி வாங்காமல் ஆரம்பித்துவிட்டு நகராட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், முடிக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் சுரங்கம்! அப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவம் பொண்டாட்டி பாவம்" என்றார். (மூன்று கல்யாணம் என்று அப்புறம் சொன்னேன். "அதானே" என்றார்.)

பட்டறைக்குள் நுழைந்ததும் அப்பாவின் நடை மாறிவிட்டது. எனக்கு முன்னால் போய்விட்டார்.

"கண்ணு, நம்ம ஜின்னிங் பேக்டரி சாஃப்டாட்டவே இருக்குது பாரு!"

மேலே கூரையை ஒட்டி நீளமாக ஒரு சாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு. அதில் வரிசையாகப் புல்லிகள் (பெல்ட் ஓடும் சக்கரங்கள்), ஒவ்வொன்றிலிருந்தும் கீழே இருக்கும் மெஷினுக்கு ஒரு பெல்ட். லேத்து, துளை போடுவது எல்லாமே இப்படித்தான். எதற்கும் தனி மோட்டார் கிடையாது. ஒரே ஒரு நீராவி இன்ஜின் அந்தச் சாஃப்டைச் சுற்றினால் பட்டறை மொத்தமும் சுற்றும். நம்ம பக்கத்திலும் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் 1930களில் வந்து, மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று ஆவதற்கு முன்னால் இப்படித்தானே இருந்தது. அப்பா சின்ன வயதில் வேலை பழகிய, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரியில் அந்தப் பழைய சாஃப்ட் ரொம்ப நாள் ஓடியிருக்கிறது.

"சாஃப்ட் சுத்தீட்டே இருக்குது. ஒரு மிசினை மட்டும் எப்பிடி நிறுத்துவ, சொல்லு?"

தெரியவில்லை என்றேன். நாலு வருடம் இன்ஜினியரிங் படிக்க வைத்த காசை மனசுக்குள் எண்ணுவது போலப் பார்த்தார். மெஷினுக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி இருந்தது. ஒன்று ஆப்பு அடித்து இறுக்கியது, மற்றது சும்மா சுற்றும் லூஸ் புல்லி. ஒரு கவட்டுக்கம்பியால் பெல்ட்டை லூஸ் புல்லி பக்கம் தள்ளிவிட்டால் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மெஷின் நின்றுவிடும். பெல்ட்டை எட்டுப் போட்டு மாட்டினால் மெஷின் தலைகீழாகச் சுற்றும்.

அடுத்த கேள்வி. "பெல்ட்டு நழுவி உழுகாம ஏன் நடுவுலயே நிக்குது?" இதற்கும் முழித்தேன். சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவரிடம் சைகையில் அனுமதி கேட்டு, நின்றிருந்த ஒரு புல்லியின் முகத்தில் என் விரலை வைத்து ஓட்டினார். நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மேடு. ஓடும் பெல்ட் எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் ஏறுமாம், அதனால் ஓரத்துக்கு ஓடாமல் தானே நடுவுக்கு வந்துவிடுமாம். சுற்றிக் காட்டியவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னை விட்டுவிட்டு அப்பாவோடு போய்விட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

டிப்னாவின் பெருமை ரோலர்தான். ஆவெலிங் அண்ட் போர்ட்டர் கம்பெனி செய்த, சாலை போடும் நீராவி ரோலர் ஒன்றைப் பழைய இரும்பாகக் கிடந்த நிலையில் 175 பவுண்டுக்கு வாங்கி, பதினாலு வருடம் உட்கார்ந்து சரிசெய்தார். முதலில் பெண்டாட்டி பெயர் வைத்தார், பிற்பாடு அம்மா பெயர். நம்ம பக்கத்து வழக்கத்துக்கு நேர் எதிர். அடுத்ததாக 1912ஆம் வருடத்து நீராவி டிராக்டர், அதற்கு இருபத்தேழு வருடம். கொதிகலன் வேலையெல்லாம் அந்தக் கொல்லையிலேயேதான். ரிவிட் என்கிற தலை வைத்த இரும்பு ஆணியைச் சிவக்கக் காய்ச்சித் துளையில் விட்டு, தலைப்பக்கம் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அடித்துத் தலை பரத்துவார்கள். ஆறும்போது ரிவிட் சுருங்குமல்லவா, அப்போது இரண்டு தகட்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் வராத காலத்துப் பாய்லர், பாலம் எல்லாவற்றையும் தாங்கியது இந்தச் சுருக்கம்தான். 2004இல் ராணியிடம் பட்டம் வாங்க லண்டன் போனபோது அந்த டிராக்டரையும் கூடக் கொண்டுபோனார். அதே வருடம் நவம்பரில் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். பெட்டியை அந்த டிராக்டரில்தான் இழுத்துப் போனார்கள், ஓட்டியது மகன்.

ஊர் அவரைக் கொண்டாடியது புகைபோக்கி சாய்ப்பதற்காக. மில்கள் மூட மூட, பழுதுபார்க்கப் போன இடத்திலெல்லாம் இடிக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெடி வைக்க மாட்டார். அடியில், எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கத்துச் செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்து, எடுத்த இடத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார். பாதிக்கு மேல் மரத்தின் மேல் நிற்கும்போது, சுற்றி விறகை அடுக்கித் தீ வைப்பார். புகைபோக்கியே காற்றை இழுத்துத் தீயை ஊதிக்கொள்ளும். முட்டு எரிந்து கருகியதும் சொன்ன பக்கம் விழும். அதைப் பார்க்கத் தேர்த்திருவிழா மாதிரி கூட்டம். தான் ஏறிப் பூசி வளர்த்ததைத் தானே சாய்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். அவர் புகைபோக்கி ஏறிய ஏணியைப் பார்த்தேன். ஒரு ஏணி உயரத்துக்கு ஏறி, காரைச் சந்தில் துளை போட்டு மரச்சக்கை அடித்து, அதில் இரும்புக் கொக்கி இறக்கி, அடுத்த ஏணியைக் கயிற்றில் இழுத்துக் கட்டி, மறுபடி ஏறுவது. இருநூறடிக்கு இப்படி. தென்னை மரத்துக்கு ஏணி வைத்தாலே கீழே நின்று பிடிக்கச் சொல்கிற பரம்பரை நான்.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன்.

அவ்வளவு பேர் வாங்கிய மனுஷன். 2008இல் போல்ட்டன் கடைவீதியில் வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள், சிலை இன்னும் நிற்கிறது. ஆனால் அந்தப் பட்டறை அவர் போன பிறகு பதினாலு வருடம்கூடத் தாங்கவில்லை. 2018இல் உள்ளே இருந்ததை ஏலத்தில் விட்டார்கள். வாங்கியவர்கள் ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருப்பார்கள், நல்லபடியாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் கழற்றிப்போன சாஃப்டும் கவட்டுக்கம்பியும் ஆளுக்கொரு வீட்டில் இருந்தால், எது எதைச் சுற்றியது என்று யாருக்குத் தெரியும்?

அதே போல்ட்டனில் ஹால் இன் தி உட் என்று ஒரு பழைய வீடு. சாமுவேல் கிராம்ப்டன் குடியிருந்து, 1779இல் மியூல் என்கிற நூற்கும் மெஷினைக் கண்டுபிடித்த வீடு. அது தப்பித்தது. லீவர் என்ற சோப்பு முதலாளி வாங்கிச் சீர்செய்து நகராட்சிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். தனி ஆள் தோளில் இருந்தால் அந்த ஆளோடு போய்விடும் என்று நான் சொன்னால் எதிர்மறையாகப் பேசுகிறேன் என்பீர்கள். அருங்காட்சியகம் என்று எழுதியவர்கள் ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். ஜி.டி.நாயுடுவுக்குக் கோவையில் அருங்காட்சியகம் இருக்கிறது, பின்னால் குடும்பமும் அறக்கட்டளையும் இருக்கின்றன. பட்டறைத் தாத்தாவுக்கு நாம்தான் இருக்கிறோம், அதிலும் சந்தா கட்டுபவர்கள் எத்தனை பேர் என்று பொருளாளரைக் கேளுங்கள். வருடாவருடம் யார் கூரை மாற்றுவது, யார் கரையான் மருந்து அடிப்பது?

அதற்காக அப்படியே எடைக்குப் போடவும் எனக்கு மனசு வரவில்லை. நம்ம ஊரில் பம்ப் செட் வைத்த தோட்டத்துக்காரர் ஒருத்தராவது தாத்தாவின் பட்டறை வாசலில் இம்பெல்லரை (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கையில் வைத்துக்கொண்டு நிற்காமல் இருந்திருப்பாரா? போர்வெல்லில் மாட்டிய குழாயை எடுக்க அவரே அடித்த கொக்கி ஒன்று சுவரில் தொங்கும், அந்த மாதிரி வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதை இரும்புக்கடைக்காரர் என்ன விலைக்கு எடுப்பார், கிலோ முப்பதுக்கா?

இரும்புக்கடைக்காரரை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள், முன்பணம் கேட்டால் நான் தருகிறேன். ஒரு சாமானையும் நகர்த்துவதற்கு முன்னால், இருக்கிற இடத்திலேயே வைத்து எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று தெரிகிற மாதிரி. அதைவிட முக்கியம், அங்கே கையாளாக இருந்த பெரியவர் இன்னும் கெட்டியாக இருக்கிறார். அவரைப் பட்டறைக்குள் நிற்க வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால் வராது. அப்பா விஷயத்தில் நான் பார்த்தது அதுதான். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் லூஸ் புல்லி என்று ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை, புல்லியைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தார். அதன் பிறகு லேத்தையும் சுவரோரத்துக் கருவிகளையும் மட்டும் நம்ம பள்ளிக்கூடத்துப் பழைய சத்துணவுக்கூடத்தில் வைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். மற்றது போகட்டும்.

நேற்று அப்பாவிடம் போனில் சொன்னேன். சாவி மளிகைக்கடையில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்து பார்ப்பதாகச் சொன்னார். "லேத்துப் பெட்டுக்கு ஒரு கை எண்ணெய் போட்டுட்டு வாறன், மழை பேஞ்சிருக்குது" என்றார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இருந்தால் இங்கேயே ஒரு வரி போடுங்கள். நல்ல கேமராவும் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரும் எடுத்துப் போங்கள், பட்டறையில் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள்.

அன்புடன்,
வடக்கு வீதி பிட்டர் வீட்டுச் சின்னவன்