மறு: பல்லியத்துக்குள் வரும் தனிவாசிப்பு: ‘இடைத்தனி’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பல்லியத்துக்குள், அதாவது பல கருவிகள் சேர்ந்து வாசிக்கும் குழு இசைக்குள், ஒரு கருவி சற்று நேரம் தனித்து எழுந்து வாசிப்பதை மேற்கில் ‘கன்சர்ட்டான்டே’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தனியிசை, முன்வாத்தியம், தலைமைக்கருவி, கச்சேரியிசை. நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு நேற்றிரவு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 6ஆம் சிம்பொனியை மறுபடி முழுவதும் கேட்டேன். ‘கன்சர்ட்டான்டே’ என்ற இத்தாலியச் சொல்லை அகராதியில் புரட்டிக்கொண்டிருப்பதைவிட, அந்தச் சொல் எதைக் குறிக்கிறதோ அதைக் காதால் கேட்டுவிட்டு வருவது நல்லது என்று பட்டது. மடல் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1761 மே 1 அன்று ஹைடன் எஸ்டர்ஹாசி என்ற ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தில் துணை இசைத்தலைவராக வேலைக்குச் சேர்ந்தார். வயது 29. சம்பளம் ஆண்டுக்கு 400 குல்டன். இளவரசர் பவுல் அன்டன், அரண்மனை ஐசன்ஸ்டாட்டில். வெர்னர் என்ற மூத்த இசைத்தலைவர் இன்னும் பதவியில் இருந்தார். ஆனால் வாத்தியக் குழுவின் பொறுப்பு புதியவர் கைக்கு வந்துவிட்டது. அந்தக் குழுவில் இருபது பேர்கூடக் கிடையாது. ஆனாலும் வயலினில் லூயிஜி தோமசீனி, செல்லோவில் (வயலின் குடும்பத்தில் ஆழ்ந்த குரல் கொண்ட பெரிய கருவி) யோசப் வைகல் என்று கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டே ஹைடன் மூன்று சிம்பொனிகள் எழுதினார். 6, 7, 8 என்று எண்ணிட்டு, காலை, நண்பகல், மாலை என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர்களால் இன்று வழங்குகிறோமே, அவைதான்.

புதிதாக வந்த தலைவர், தன் கீழ் வாசிக்கப்போகிற ஒவ்வொருவருக்கும் ஓரிடம் ஒதுக்குகிறார். முதல் வயலினுக்கு மட்டும் என்றில்லை, எல்லாருக்கும். நாம் பெயர் தேடிக்கொண்டிருப்பது இந்த ஒதுக்கலுக்குத்தான்.

6ஆம் சிம்பொனியின் தொடக்கத்தைப் பாருங்கள். முதல் வயலின்கள் மட்டும், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் தொடங்குகின்றன. மற்றவை ஒவ்வொன்றாகச் சேருகின்றன. ஆறே தாளக்கட்டுக்குள் முழுக்குழுவும் உரக்க ஒலித்து நிற்கிறது. சூரியன் வந்துவிட்டது. அடுத்த நொடி, அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு, புல்லாங்குழல் துள்ளி ஏறும் ஒரு சிறிய மெட்டை எடுக்கிறது. ஓபோக்கள் (நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதும் கருவிகள்) அதை வாங்கிக்கொள்கின்றன. அப்புறம் குழல் மறுபடி கூட்டத்துக்குள் போய்விடுகிறது. அதே மெட்டு பிற்பாடு திரும்பி வரவேண்டிய இடத்தில், குழலுக்கு இரண்டு தாளக்கட்டு முன்னாலேயே ஹார்ன் (வளைந்த பித்தளைக் கொம்பு) ஒற்றையாக அதை எடுத்துவிடும். ஹார்ன்காரர் அவசரப்பட்டுவிட்டாரோ என்று கேட்பவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. (நாற்பது ஆண்டு கழித்து பேத்தோவன் தன் மூன்றாம் சிம்பொனியில் ஹார்னை இதேபோல முந்தவிட்டார். அதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.)

இனி நம் சொற்களுக்கு வருகிறேன்.

> ‘முன்வாத்தியம்’ என்றால் பக்கவாத்தியத்துக்கு எதிர்ச்சொல்லாக இயல்பாக அமையும்.

ஐயா, கேட்டவுடன் எனக்கும் பிடித்தது. ஆனால் இதே சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், மினுவெட் என்ற நடன இசையின் நடுவே வரும் ‘டிரையோ’ என்ற சிறு பகுதியைக் கேட்டால் இந்தச் சொல் நிற்கவில்லை. அங்கே ராகம் மாறி, வெளிச்சம் குறைந்து, பேசுகிறவர்கள் யார் யார்? பஸ்ஸூன் (ஆழ்ந்த குரல் கொண்ட ஊதுகருவி), வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), செல்லோ, டபுள் பாஸ் (வில் கருவிகளில் மிகப் பெரியது). அந்தக் காலச் சிம்பொனியில் டபுள் பாஸுக்குத் தனியாக ஒரு வரிகூட எழுதமாட்டார்கள். செல்லோ வாசிப்பதையே ஒரு ஸ்தாயி கீழே வாசித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான் அதன் வேலை. பஸ்ஸூனும் பெரும்பாலும் அதே வரியில்தான். அடியில் கிடக்கும் இந்தக் கருவிகளுக்கு ஹைடன் வாய் கொடுக்கிறார். 7, 8 இரண்டின் டிரையோவிலும் டபுள் பாஸுக்குத் தனி இடம் உண்டு. வரிசையில் கடைசியில் நிற்கிறவரை முன்வாத்தியம் என்றோ தலைமைக்கருவி என்றோ சொன்னால், ஹைடன் செய்த காரியமே மறைந்துவிடும். கன்சர்ட்டோவில் தலைமை உண்டு: ஒருவர் முன்னால் நிற்பார், தொடக்கம் முதல் கடைசிவரை அவர்தான் நாயகர். இங்கே நாயகர் இல்லை. முறை மாறி மாறி வருகிறது.

‘கச்சேரியிசை’ பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இத்தாலியச் சொல்லும் கச்சேரியும் காதுக்கு நெருக்கமாக இருப்பதால் வந்த யோசனை என்று நினைக்கிறேன். பொருள் எட்டவில்லை.

மிஞ்சுவது ‘தனியிசை’. இதில் பாதி சரி, பாதி இடறுகிறது. தனியிசை என்றால் வேறு யாரும் இல்லாமல் ஒருவர் மட்டும் வாசிப்பது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். இங்கே மற்றவர்கள் போய்விடவில்லை. அடக்கி வாசித்துக்கொண்டோ, தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டோ அங்கேயேதான் இருக்கிறார்கள். தனித்தவரும் அந்தக் குழுவின் ஆள்தான். எழுகிறார், சொல்கிறார், உட்காருகிறார். நம் சொல்லில் அந்த ‘உட்காருதல்’ தெரியவேண்டும்.

இங்கே நம் மேடை வழக்கைக் கொஞ்சம் கவனிப்போம். மிருதங்கக்காரர்கள் ‘தனி ஆவர்த்தனம்’ என்று முழுசாகச் சொல்வதில்லை. ‘தனி’ என்கிறார்கள். ‘இந்தக் கீர்த்தனைக்குத் தனி விட்டார்’, ‘இன்றைக்குத் தனி நன்றாக இருந்தது’. எத்தனை அழகாகப் பெயர்ச்சொல் ஆகிவிட்டது பாருங்கள்! அந்தத் தனி எங்கே வருகிறது? கச்சேரியின் நடுவில், ஒரு பாட்டின் நடுவில். கோர்வை என்னும் முத்தாய்ப்புச் சொற்கட்டு முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து நின்றதும் பாடகர் விட்ட வரியை எடுத்துக்கொள்கிறார், மிருதங்கம் மறுபடி பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது. எழுவதும் திரும்புவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. மிருதங்கமும் கடமும் சேர்ந்து வாசித்தாலும் அது ‘தனி’தான், யாரும் ‘இருவர்’ என்று திருத்துவதில்லை. 7ஆம் சிம்பொனியின் மெதுநடைப் பகுதியில் வயலினும் செல்லோவும் இணைந்து உரையாடுகின்றனவே, அதைத் தனி என்று சொல்லலாமா என்ற சந்தேகத்துக்கு நம் கடம் வித்துவான்கள் எப்போதோ விடை கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே ‘தனி’யை வைத்துக்கொண்டு, அது ஒரு பெரிய குழு இசையின் ஊடே வருவது என்பதை மட்டும் சேர்த்தால் போதும். இடைத்தனி. இதுதான் என் பரிந்துரை.

‘ஊடுதனி’யும் யோசித்தேன். ஊடல் நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன். ‘உள்’ சேர்த்தால் புணர்ச்சியில் ‘உட்டனி’ ஆகிவிடும். யாருக்கும் புரியாது. இடைத்தேர்தல், இடைவேளை என்று ‘இடை’ நமக்கு நாள்தோறும் புழங்குகிற முன்னொட்டு. வல்லினம் மிகுவதிலும் சிக்கலில்லை.

> இடைச்செருகல் போல ஒலிக்கிறதே, யாரோ பின்னால் நுழைத்தது என்ற எண்ணம் வராதா?

தனிமடலில் ஒரு தோழி கேட்ட கேள்வி. அம்மா, அந்தக் குறை ‘செருகல்’ என்பதிலிருந்து வருகிறது. இடையில் பழுது இல்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் இடைத்தேர்தல் வேட்பாளரை யாரும் போலி என்று சொல்வதில்லையே.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. நம் தனி பெரும்பாலும் மேடையிலேயே பிறப்பது. ஹைடனின் இடைத்தனி ஒவ்வொரு ஸ்வரமும் எழுதித் தரப்பட்டது. 7ஆம் சிம்பொனியில் அந்த வயலின்-செல்லோ இணை, குழு நின்று காத்திருக்க, சொந்தமாகக் கற்பனை செய்ய வேண்டிய இடத்துக்கு வருகிறது. அதைக்கூட வாசிப்பவர் விருப்பத்துக்கு விடாமல் ஹைடன் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனாலும் கலைச்சொல் வரையறையில் ‘எழுதப்பட்ட’ என்று ஓர் அடைமொழி சேர்த்தால் தீர்ந்துவிடும். சொல்லையே மாற்ற வேண்டாம்.

அந்த வயலின்-செல்லோ உரையாடலுக்கு முன்னால் வரும் இடத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆபராவில் பாடகி பாடுவதற்கு முன் பேச்சும் பாட்டுமாக ஒரு பகுதி வருமல்லவா, அதை அப்படியே வயலினுக்குக் கொடுத்திருக்கிறார். சொல் கிடையாது, ஆனால் வயலின் எதையோ முறையிடுகிறது, தயங்குகிறது, மறுபடி முறையிடுகிறது. குழு நடுநடுவே பதில் சொல்கிறது. தோமசீனிக்கு அப்போது இருபது வயது. அந்தப் பையனை நம்பி ஒரு சிம்பொனியின் நடுவில் இதை ஒப்படைத்த மனத்தை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி துணைச்சொற்கள். குழு முழுவதும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தை ‘முழுப்பல்லியம்’ எனலாம். ‘பல்லியம்’ பழைய சொல். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் ‘யாழொடு பல்லியம் கறங்க’ என்று வருகிறது. பல கருவிகளுக்கு நடுவே ஒரு கருவியைப் பெயர் சொல்லித் தனியே எடுக்கும் வழக்கம் அந்த வரியிலேயே இருக்கிறது! ‘சிம்பொனி’யை மட்டும் தொடவேண்டாம். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது தெருமுனைத் தேநீர்க்கடைவரை அந்தச் சொல் போய்விட்டது. இனி அது நம்முடையது.

1770களில் பாரிஸில் பரவிய ‘சின்ஃபோனியா கன்சர்ட்டான்டே’வை இதோடு கலக்கக் கூடாது என்பது என் கருத்து. மோட்சார்ட் 1779இல் வயலினுக்கும் வியோலாவுக்கும் எழுதியது, ஹைடனே 1792இல் லண்டனில் நான்கு கருவிகளுக்கு எழுதியது, இவற்றில் தனிக்கலைஞர்கள் தொடக்கத்திலிருந்தே வேறாக நிற்கிறார்கள். மேற்கில் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் அப்படிச் செய்யத் தேவையில்லை. அதற்கு வேறு இழை தொடங்கலாம்.

சொல்லைச் சோதித்தும் பார்த்தேன். 1765இல் வந்த 31ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதி ஒரு மெட்டையும் அதன் மாற்றுருக்களையும் கொண்டது. செல்லோ, புல்லாங்குழல், நான்கு ஹார்ன்கள், வயலின், டபுள் பாஸ் என்று முறை வைத்து வருகின்றன. ‘வரிசையான இடைத்தனிகளால் ஆன பகுதி’ என்று எழுதினேன். பொருந்துகிறது. அப்புறம் 1772இன் 45ஆம் சிம்பொனி, ‘பிரியாவிடை’. அதன் கடைசியில் ஒவ்வொருவராகச் சிறு வரி ஒன்றை வாசித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சுகின்றன. இங்கே ‘இடைத்தனி’ என்று எழுதக் கை வரவில்லை. போனவர்கள் திரும்பவில்லையே. அங்கே வெறும் ‘தனி’ என்றே எழுதிவிட்டேன்.

இந்த இரண்டாவது இடத்தில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, மேடையில் வாசிப்பவர்கள் யாராவது இந்தக் குழுமத்தில் இருந்தால், ‘தனி விடுதல்’ போல ‘இடைத்தனி விடுதல்’ நாவில் இயல்பாக வருகிறதா, இல்லை ‘கொடுத்தல்’தான் வருகிறதா என்று சொல்லுங்கள். வினைச்சொல்லை அதன்படி முடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்.