புகைக்காத பாட்டிக்கு வாய்ப்புற்று: காரணம் புகையிலையா, பாக்கா, விதியா?

சுங்கை சிப்புட் பேரன்:
எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) புறப்படும்போதே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் ஒரு துண்டுப் புகையிலையையும் இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அதே கன்னத்தில்தான் புற்றுநோய் வந்தது. நாளெல்லாம் சுருட்டுப் பிடித்த தாத்தாவோ 84 வயது வரை நலமாக இருந்தார். எல்லாம் பிறவியிலேயே அமைவது என்கிறார் மாமா. புகையே இல்லாமல் புகையிலை எப்படிப் புற்றை உண்டாக்கும்?

ஓய்வுபெற்ற டிரசர் (மருத்துவ உதவியாளர்):
தம்பி, கொளுத்தாத புகையிலையிலும் நஞ்சு உண்டு. இலையை உலர்த்திப் பதப்படுத்தும்போதே அதிலுள்ள நிக்கோட்டினும் அதன் இனச் சேர்மங்களும் நைட்ரைட்டுடன் வினைபுரிந்து நைட்ரோசமைன் என்னும் புற்றூக்கிகளாக மாறுகின்றன. அவை எச்சிலில் கரைந்து, அடக்கிய இடத்தையே நாள்தோறும் நனைக்கின்றன. கொளுத்தினால், புகையிலுள்ள பிசுபிசுப்பான தாரில் பென்சோபைரீன் என்னும் மற்றொரு புற்றூக்கியும் சேர்கிறது. அதைக் கழித்து வெளியேற்ற முயலும் நம் நொதிகளே அதனை மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாற்றிவிடுகின்றன. பி53 என்னும் காவல் மரபணுவில் அது ஒட்டும் இடங்களும், நுரையீரல் புற்றுக்கட்டிகளில் அம்மரபணு அதிகம் பழுதாகியிருக்கும் இடங்களும் பொருந்துவதை 1996-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

பாக்கையும் விட்டுவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என 1985-இலேயே அறிவித்தது. 2004-இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும் அதே வரிசையில் வைத்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை, பாக்கிலிருந்து செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுகிறது. (சாமிக்கு வைக்கும் தாம்பூலத்தை நான் குறைசொல்லவில்லை, மெல்லுவதைத்தான்.)

கம்பார் வாசகி:
மாமாவின் கருத்தை எளிதில் தள்ளிவிட வேண்டாம். புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷரே 1950-களின் பிற்பகுதியில், புகைக்கும் நாட்டமும் புற்றும் ஒரே பிறவிக்கூற்றிலிருந்து எழலாமே என்று வாதிட்டார்.

ஓய்வுபெற்ற டிரசர்:
வாதிட்டார், அம்மா, புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். பிறவிக்கூறே முழுக் காரணமென்றால், பழக்கத்தை நிறுத்தியவருக்கும் ஆபத்து குறையாதிருக்க வேண்டும். 1951 முதல் டால், ஹில் என்னும் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நிறுத்தியவர்களிடம் நுரையீரல் புற்று குறைந்தே காணப்பட்டது. தாத்தா தப்பியதில் வியப்பில்லை: ஒரே செல்லில் பல மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதானால்தான் புற்று முளைக்கும், அதில் தற்செயலுக்கும் இடமுண்டு. நொதிகளின் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த அளவுக்கு மாமா சொல்வது சரி.

சுங்கை சிப்புட் பேரன்:
நன்றி ஐயா. அத்தை புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை விடவில்லை. அண்மைக்காலமாக வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. ரசம் குடித்தாலும் எரிகிறது என்கிறார்.

ஓய்வுபெற்ற டிரசர்:
பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றாக மாறக்கூடியது. பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வாரத்திலேயே அரசாங்கப் பல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டியின் நோயையும் அங்கே மறக்காமல் கூறுங்கள்.