350 கிராமுக்கு மேல ஸ்கோப் மாட்டினா கழுதையாம்!

தென்தீவுக்காரன்:
நியூசிலாந்துல தார்ங்கிற மலையாட்டு வேட்டைக்குத் துப்பாக்கி மேல மாட்டுற தொலைநோக்கி, அதான் ஸ்கோப், எது வாங்கலாம்னு ஒரு பையன் கேட்டான். அதுக்கு நம்ம இறகுக்கால் எழுதின பதில்: "350 கிராமுக்கு மேல ஸ்கோப் மாட்டிக்கிட்டு மலையேறுறவன் பொதி சுமக்கிற கழுதை." ஐயா, அந்தக் கழுதை நான்தான். என் நைட்ஃபோர்ஸ் 2.5-10 மடங்கு ஸ்கோப் கிட்டத்தட்ட 580 கிராம். பாறையில துப்பாக்கி சரிஞ்சு ஸ்கோப் மேலயே அடி வாங்கியும் ஜீரோ, அதாவது சரிபண்ணி வச்ச குறி, அசையல. ஒரே ஒரு கேள்வி. அந்த 350, ஸ்கோப்பைத் துப்பாக்கியில பிடிக்கிற ரிங் சேர்த்தா, சேர்க்காமலா?

இறகுக்கால்:
எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு நீங்களா வந்து நின்னா நான் என்ன பண்றது அண்ணே? ஸ்வரோவ்ஸ்கி இசட்3 3-10x42 (3லேருந்து 10 மடங்கு, 42 மி.மீ. முன்கண்ணாடி) எடை 360 கிராம். லியூபோல்ட் விஎக்ஸ்-3எச்டி 3.5-10x40 எடை 357. ரெண்டும் ஒரு இஞ்ச் குழாய். டிக்கா லைட் துப்பாக்கியே 3 கிலோ வராது. அது தலையில அரைக் கிலோவுக்கு மேல எதுக்கு?

தென்தீவுக்காரன்:
360ங்கிறது 350க்கு மேல. 357ம் மேல. அப்ப நீங்களும் நம்ம லாயம்தான், வாங்க வாங்க. ரிங் சேர்த்தா சேர்க்காமலா?

இறகுக்கால்:
ரிங் இல்லாமத்தான். எந்தக் கம்பெனி ரிங் சேர்த்து எடை போடுது? 7 கிராமுக்குப் பஞ்சாயத்தா?

கன்டர்பரிப் பெடியன்:
அண்ணையவை, ரிங்கை விட்டுட்டு வெளிச்சத்தைக் கதையுங்கோவன். தார் கடா பொழுதுபட்டு மைமலுக்குள்ளைதான் வெளியிலை வரும். 40 மி.மீ. முன்கண்ணாடியை 10 மடங்கிலை வைச்சால் கண்ணுக்கு வாற ஒளிவட்டம் 4 மி.மீ. தான். 6 மடங்குக்கு இறக்கினால் 6.7. பிறகேன் உந்த 50 மி.மீ. பாரம்?

தென்தீவுக்காரன்:
தம்பி, 50ஐப் பத்தி இங்க யாரு பேசினா? என்னோடது 42. படிச்சிட்டு எழுதுங்க. விஷயத்துக்கு வர்றேன். அலுமினிய ரிங் 70 கிராம் வாக்குல வரும். எஃகுல ரிங்கும் அதுக்கு அடியில வர்ற பேஸும் போட்டா 200ஐத் தொடும். 360ம் 200ம் 560. எங்கய்யா போச்சு உங்க 350?

பாறைப்பல்லி:
அப்ப உங்க 580 மட்டும் ரிங் சேர்த்த கணக்கா?

தென்தீவுக்காரன்:
நான் யாரையும் கழுதைன்னு சொல்லல. சொன்னவர்தான் கணக்குக் காட்டணும்.

பாறைப்பல்லி:
நல்லா இருக்கு நியாயம்! சரி, அவர்கிட்டயும் ஒண்ணு கேக்குறேன். இறகுக்கால் சார், போன வருஷம் நீங்க போட்ட படத்துல துப்பாக்கி முனையில சைலன்சர் இருந்துச்சு. நியூசிலாந்துல அதுக்குச் சட்டத்துல தடையில்ல, சரி. ஆனா அதுவே 350 கிராம் இருக்கும் போலயே? முனையில 350 ஏத்திட்டு மேல 220 குறைக்கிறது எந்த ஊர்க் கணக்கு?

இறகுக்கால்:
சைலன்சர் காதுக்கு, உதைக்கு. ஸ்கோப் கனம் உச்சியில உட்காருது, தோள்ல தொங்கவிட்டா துப்பாக்கி புரண்டு புரண்டு விழும். மலையில நடந்தவனுக்குத் தெரியும். ஹெலிகாப்டர்ல போய் இறங்குறவங்களுக்கு எடையப் பத்தி என்ன கவலை?

தென்தீவுக்காரன்:
ஹெலிகாப்டர் யாரைச் சொன்னீங்க? பேரைச் சொல்லிப் பேசுங்க. முன்னாடி நான் வச்சிருந்தது உங்க ஜாதி ஸ்கோப்தான், கம்பெனி பேர் வேண்டாம். குறி திருத்துற குமிழை மூணு கிளிக் திருப்பினா ஒரு நாள் ரெண்டு நகரும், ஒரு நாள் நாலு நகரும். கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) கிளிக்னா 100 மீட்டர்ல 7 மி.மீ. 400 மீட்டர்ல என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. கனம் சும்மா வரல, உள்ள இரும்பு இருக்கு.

குறிஞ்சிவாசி:
வரையாடு தமிழ்நாட்டு மாநில விலங்கு. அதைச் சுடுறதுக்குக் கிராம் கணக்கா? வெக்கமா இல்ல?

தென்தீவுக்காரன்:
வந்துட்டாருய்யா. நீலகிரி வரையாடு வேற, இமாலயத் தார் வேற. 2005லயே பேரினத்தையே பிரிச்சாச்சு. இங்க 1904ல வெளியில இருந்து கொண்டாந்து விட்டாங்க, மலைச் செடியெல்லாம் மேஞ்சு தீக்குது. 10,000க்கு மேல போகக்கூடாதுன்னு 1993லயே அரசு திட்டம் போட்டிருக்கு. நீங்க ஊட்டியில பிளாஸ்டிக் பொறுக்குங்க.

குறிஞ்சிவாசி:
கொல்றதுக்கு ஒரு திட்டம், அதுக்கு ஒரு வருஷம். இதுல பெருமை வேற!

இறகுக்கால்:
அண்ணே டரட், அதான் அந்தக் குமிழ், திருப்புறதப் பத்தி வகுப்பு எடுக்குறார். ஆனா கீழ்ச்சரிவுல சுட்டா குண்டு தாழப் போகும்னு போன மாசம் எழுதினவரும் இவர்தான். ஏத்தமோ இறக்கமோ, குண்டு மேலதான் அடிக்கும். 30 டிகிரி சரிவுல 400 மீட்டர்னா 346க்கு வச்சுச் சுடணும். இது தெரியாம 580 கிராம் எதுக்கு?

தென்தீவுக்காரன்:
நான் அப்படி எழுதவே இல்ல. எழுதியிருந்தாலும் சூழ்நிலை வேற. ரிங் எடைக்கு இன்னும் பதில் வரல.

கன்டர்பரிப் பெடியன்:
அழிச்சுப் போட்டியள் போலை. நான் பார்த்தனான்.

தென்தீவுக்காரன்:
தம்பி, உங்க 6.7 மி.மீ. கணக்குக்கு நான் இன்னும் வரவே இல்ல. வயசானா கண்மணி அவ்வளவு விரியாது, எனக்கு 5 வந்தாலே பெருசு. பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன், என்னைப் பேச வைக்காதீங்க.

பழைய கட்டை:
எல்லாருக்கும் சொல்றேன். நிலையான 6 மடங்கு ஸ்கோப் 280 கிராம்ல கிடைக்குது. மடங்கு மாத்தச் சுத்துற சமாச்சாரமே இல்ல, கெட்டுப்போக ஒண்ணுமில்ல.

தென்தீவுக்காரன்:
280ஆ? ரிங் சேர்த்தா?

இறகுக்கால்:
நிலை 6ஐ வச்சுப் புதருக்குள்ள 20 மீட்டர்ல ஆடு எந்திரிச்சா வெறும் மயிர்தான் தெரியும் ஐயா.

பழைய கட்டை:
நீங்க 20 மீட்டர் வரைக்கும் சத்தம் போடாமப் போவீங்களா முதல்ல?