புரட்டாசியில் தாய்லாந்துக் கடை

குழு: ஈசூன் வீடு

வியாழன்

சுமதி: பிஎஸ்எல்இ, ஆறாம் வகுப்புப் பரீட்சை, முடிஞ்சாச்சு!!! யாழினி அசெஸ்மென்ட் புத்தகத்தை எல்லாம் கட்டி ஸ்டோர் ரூம்ல தள்ளிட்டா

குணா மாமா: பலே பலே. தங்கத்துக்கு என்ன வேணுமாம்

ரவி: சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு என் செலவு. எங்கன்னு அவளையே முடிவு பண்ணச் சொல்லிட்டேன்

சுமதி: பாட்டி புளோக்குக்குக் கீழ காப்பிக்கடையில இருக்கே, தாய்லாந்துக் கடை. அங்கதானாம். தோம் யாம் சூப்பு வேணுமாம், மாம்பழ ஸ்டிக்கி ரைஸ் வேணுமாம். ஒரு வாரமா லிஸ்ட் எழுதி வெச்சிருக்கா

நவீன்: 🔥🔥 சனிக்கிழமை காலையில ஆர்மி கேம்ப்லேருந்து புக் அவுட். நானும் வர்றேன்

செல்வி: ரவி, காலண்டர் பாத்தியா?

ரவி: ஏன்

செல்வி: புரட்டாசி சனிக்கிழமைடா

ரவி: ஐயோ

அம்மா: 🎤 குரல் செய்தி (0:52)

செல்வி: எல்லாரும் கேட்டுக்குங்க. "பிள்ளை ஆசைப்படுது, நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல ரெண்டு தோசை ஊத்திக்கிறேன்." அந்த "ரெண்டு தோசை" சொல்ற தொனியையும் சேத்துக் கேளுங்க

ரவி: அம்மா இல்லாம எப்படி. மெனுவுல வெஜிடபிள் க்ரீன் கறி இருக்கு, பக்கத்துல பச்சை இலை படம் கூடப் போட்டிருக்கான். அது போதாதா?

செல்வி: அந்த இலையை நம்பி அம்மாவை உக்கார வைக்க முடியாது. காய் போட்டா மட்டும் சைவம் ஆயிடுமா. நாளைக்கு நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்

சுமதி: அண்ணி, எதிர்வீட்டு நூரு அக்காவையும் கூப்பிடலாமா? பரீட்சை நேரத்துல யாழினிக்கு எவ்வளவு செஞ்சாங்க

செல்வி: கூப்பிடணும்தான். ஆனா அந்தக் கடையில "நோ போர்க் நோ லார்ட்" போர்டு மட்டும்தான் இருக்கு, முயிஸ் குடுக்கிற ஹலால் சான்றிதழ் இல்ல. கூப்பிட்டு சங்கடப்படுத்த வேணாம். ஹலால் தாய் கடைக்கு அவங்களைத் தனியா ஒரு நாள் கூட்டிட்டுப் போவோம்

சுமதி: சரி அண்ணி

குணா மாமா: கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்ல பழையபடி தாய் கடைங்க இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. பீச் ரோட்டுல எந்தக் கடையில என்ன கிடைக்கும்னு எனக்கு மனப்பாடம். தாய்லாந்து ஹாட்யாய்க்குப் போற பஸ்ஸும் அங்கேருந்துதான். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் சூப், இறங்கி வந்ததும் ஒரு கிண்ணம். 1973ல கட்டின கட்டடம். 2023 மே மாசத்தோட கடைக்காரங்க எல்லாம் காலி பண்ணிட்டாங்க

நவீன்: இடிச்சிட்டாங்களா தாத்தா?

குணா மாமா: இல்லப்பா. பாதுகாக்கப்பட்ட கட்டடம், இடிக்க முடியாது. விக்கிறதுக்கு முன்னாடியே, 2021லயே அப்படி அறிவிச்சிட்டாங்க. கட்டடம் நிக்கும், கடைங்கதான் நாலா பக்கமும் போயிருச்சு. தாய் சூப்பர்மார்க்கெட் காலாங் பக்கம் அபீரியா மாலுக்குப் போனது. சில பேர் பக்கத்துலயே கோல்டன் மைல் டவருக்கு

ரவி: மாமா, பேசாம ஒரு மால்ல பெரிய தாய் ரெஸ்டாரண்டுக்கே போயிடலாமா? ஏர்கோன் இருக்கும், வெஜ் மெனு தனியா இருக்கும்

செல்வி: ஏர்கோனுக்கு எவ்வளவுன்னு தெரியுமா? சர்வீஸ் சார்ஜ் 10%, அதையும் சேத்த தொகைக்கு மேல ஜிஎஸ்டி 9%. மெனுவுல 100 வெள்ளின்னு போட்டிருந்தா 119 வெள்ளி 90 காசு குடுத்துட்டு வரணும். அங்கயும் மீன் சாஸ் மீன் சாஸ்தான். பிள்ளை கேட்டது கீழ் கடை, கீழ் கடைக்கே போவோம்

ரவி: 👍

வெள்ளி

செல்வி: சரி, போயிட்டு வந்துட்டேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

மூணு மணிக்குக் கடை காலியா இருக்கும்னு அப்ப போனேன். ஆன்ட்டி சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "வெஜிடேரியன் கேன்?"னு கேட்டா எந்தக் கடையிலயும் "கேன் கேன்"னுதான் பதில் வரும். அதனால அப்படிக் கேக்கல. ஒவ்வொண்ணா, உள்ள என்னென்ன போடுறீங்கன்னு கேட்டேன்.

க்ரீன் கறி விழுது டப்பாவைத் திறந்து காட்டினாங்க. பச்சை மிளகாய், செராய் (எலுமிச்சைப்புல்), லெங்குவாஸ் (அரத்தை), கொத்தமல்லி வேர், எலுமிச்சைத் தோல். திறந்ததுமே கமகமன்னு தூக்குது, ஆனா கடைசியா வருது பாரு ஒரு வாடை, பெலாச்சான், இறால் விழுது. விழுதுலயே சேத்து அரைச்சிடுறாங்க. பச்சையோ சிவப்போ, அந்தக் கறியில நீ என்ன காய் போட்டாலும் உள்ள இறால் இருக்கு. ரவியோட பச்சை இலை அவ்வளவுதான்.

தோம் யாம்ல சிவப்பா மேல மிதக்குமே எண்ணெய், அது வறுத்த மிளகாய் விழுது. அதுலயும் காஞ்ச இறால். சூப்புத் தண்ணியே கோழி எலும்பு. பட் தாய்ல மீன் சாஸ், முட்டை, காஞ்ச இறால் மூணும். பப்பாளி சாலட்லயும் மீன் சாஸ். கங்கோங் கீரை, அது கீரைதானேன்னு பாத்தா சிப்பி சாஸ் ஊத்துறாங்க!

நவீன்: பாட்டிக்கு வெள்ளைச் சோறும் வெள்ளரிக்காயும்தான் போல

செல்வி: முழுசா படிடா. கிளம்பலாம்னு எழுந்தப்பதான் ஞாபகம் வந்து "கின் ஜே"ன்னு சொன்னேன். ஆன்ட்டி வெங்காயத்தைக் கீழ வெச்சிட்டு எழுந்து நின்னுட்டாங்க. "யுவர் மதர் ஈட் ஜே? அய்யோ வை நெவர் சே!"

ரவி: அது என்ன ஜே?

செல்வி: அவங்க ஊர் விரதச் சாப்பாடு. கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. சீன மாசம் ஒன்பதாவதுல ஒன்பது நாள் இருப்பாங்களாம். மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்துல போட்டிருந்தா அந்தக் கடையில ஜே கிடைக்கும்னு அர்த்தம். ஆன்ட்டியே அடுத்த வாரம் ஆரம்பிக்கிறாங்க, கொடி வாங்கி சுருட்டி கல்லாவுக்குப் பின்னாடி வெச்சிருக்காங்க. அம்மாவுக்கு வெங்காயம் பூண்டு பரவாயில்லைன்னு சொன்னேன். "ஈசி லா"ன்னுட்டாங்க. வாணலியைக் கழுவிட்டு, மீன் சாஸுக்குப் பதிலா சோயா சாஸ். சிப்பி சாஸுக்குக் காளான்ல செஞ்ச சாஸ் தனி பாட்டிலே இருக்கு. தோம் யாம் விழுது போடாம, வெறும் செராய், லெங்குவாஸ், எலுமிச்சை இலை, காளான் தட்டிப்போட்டு தெளிவான சூப்பு

குணா மாமா: ஒன்பது பேரரசர் விழாம்மா அது. நம்ம ஊர்லயும் சீனக் கோயில்ல நடக்குதே. புக்கெட்ல போய்ப் பாக்கணும் நீங்க. கன்னத்துல வேல் குத்திக்கிட்டு ஊர்வலமா வருவான், ராத்திரி நெருப்பு மிதிப்பான். முத தடவ பாத்தப்ப சவுத் பிரிட்ஜ் ரோடு தீமிதிக்கு வந்துட்டோமான்னு இருந்துச்சு. பல வருஷம் நம்ம நவராத்திரியை ஒட்டியே வரும்

குணா மாமா: நவராத்திரின்னதும் ஞாபகம் வருது. பேங்காக் சீலோம் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோயில் இருக்குல்ல, விஜயதசமி ராத்திரி அம்மன் வெளிய வர்றப்ப பாக்கணும். ரோடு பூரா பூ, பாத்த இடம் எல்லாம் தேங்கா உடைக்கிறான். கும்பிடுறவங்க முக்காவாசி தாய்க்காரங்கதான்

சுமதி: போட்டோ இருந்தா போடுங்க மாமா

குணா மாமா: பழைய போன்ல போச்சும்மா

அம்மா: 🎤 குரல் செய்தி (1:14)

ரவி: அக்கா, ஆபீஸ்ல இருக்கேன், என்ன சொல்றாங்க?

செல்வி: வர்றாங்களாம். காலையில சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் போயிட்டு மத்தியானம் படுத்து எந்திரிச்சு வருவாங்களாம். மிச்சம் ஒரு நிமிஷம், "அந்த வாணலியை நீ கண்ணால பாத்தியா கழுவுறதை"

நவீன்: 😂😂😂

சனி

செல்வி: 6.30க்கு மேசை பிடிச்சுட்டேன். ஃபேனுக்குக் கீழ. சீக்கிரம் வாங்க, ரெண்டு பேர் முறைச்சுப் பாக்குறாங்க

ரவி: கார்பார்க் ஃபுல். சுத்திக்கிட்டே இருக்கேன்

நவீன்: லிஃப்ட்ல பாட்டியோட வர்றேன். பட்டுப்புடவை கட்டியிருக்காங்க, காப்பிக்கடைக்கு

சுமதி: 📷 படம்

சுமதி: யாழினி ஆர்டர் எடுக்குறா, அவ லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு. ஆன்ட்டி அவகிட்டயே நோட்டுப் புத்தகத்தைக் குடுத்துட்டாங்க

(இரவு 9.40)

செல்வி: வீடு வந்தாச்சு. அம்மா படுத்தாச்சு. மாமா சீக்கிரம் கிளம்பினதால கடைசிக் கூத்தைப் பாக்கல

குணா மாமா: பஸ்ஸைப் பிடிக்கணுமேம்மா. என்ன கூத்து

செல்வி: முதல்ல உரல் கதையைச் சொல்றேன். பப்பாளி சாலட் இடிக்கிற இடம் எங்க மேசைக்கு நேரா இருந்துச்சு. அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாங்க, மேற்பார்வைக்கு. ஆன்ட்டி உரல்ல தண்ணி ஊத்தி, உலக்கையால சுத்தி அலசிக் கொட்டினாங்க. அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. மறுபடி ஒரு தடவ அலசினாங்க. அப்புறம் பூண்டு, மிளகாய், பனைவெல்லம் ஒரு துண்டு, பயத்தங்காயை ஒடிச்சுப் போட்டு, எலுமிச்சையைப் பிழிஞ்சு தோலோட உள்ளயே போட்டு, ஒரு கையால இடி, இன்னொரு கையில கரண்டியால கிளறு. பப்பாளித் துருவல் கடைசியில, அதை நசுக்கக் கூடாதாம். அம்மா என் காதுல, "இடிக்கத் தெரிஞ்ச கை"ன்னாங்க. என் சமையலுக்கு இந்த சர்டிபிகேட் இதுவரைக்கும் வந்ததில்ல

ரவி: எனக்குப் பிடிச்சது அந்த சூப்புதான். கறி இல்லாம அவ்வளவு ருசி எதிர்பாக்கல. நம்ம தோம் யாமைவிட அம்மாவோடது நல்லா இருந்துச்சு, நான்தான் பாதியைக் குடிச்சேன்

சுமதி: அத்தை பட் தாய்ல வேர்க்கடலையைத் தேடித் தேடிச் சாப்பிட்டாங்க. புளி போட்டிருக்காங்கன்னதும் ஒரே சந்தோஷம்

ரவி: நான் ஒண்ணு சொல்றேன், க்ரீன் கறி கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி. தேங்காய்ப்பால் திக்கா இருந்துச்சு சரி, காரம் போதல. உள்ளூர் நாக்குக்குன்னு இறக்கிட்டாங்க போல. பாண்டான் சிக்கன் மட்டும் சூப்பர், இலையைப் பிரிக்கும்போதே வாசம். ரெண்டாவது பிளேட் வந்த வழி தெரியல

நவீன்: காரம் போதலயா?? என் சாலட்ல "தாய் ஸ்பைசி"ன்னு சொல்லிட்டேன். சில்லி பாடி எத்தனை போட்டாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ரூட் மார்ச்ல கூட இப்படி வேர்க்கல

செல்வி: மாமா, கூத்து இதுதான். நவீன் கோழி கிரபாவ் வாங்கினான். அம்மா "அது என்ன இலை?"ன்னாங்க. இவன் சும்மா இருக்காம போன்ல பாத்து, "பாட்டி, இது ஹோலி பேசில், நம்ம துளசி"ன்னான்

குணா மாமா: அடப்பாவி

செல்வி: காலையில பெருமாளுக்குத் துளசி மாலை சாத்திட்டு வந்தவங்ககிட்ட! "துளசியைக் கோழியோட வறுக்கிறாங்களா"ன்னு கரண்டியைக் கீழ வெச்சிட்டாங்க. நான் ஓடிப்போய் ஆன்ட்டியைக் கேட்டேன். தாய்லாந்துல போடுறது துளசிதானாம், நவீன் சொன்னது சரிதான். ஆனா இங்க அது எப்பவும் கிடைக்காதுன்னு அவங்க இனிப்பு பேசில் போடுறாங்க, ஊதாத் தண்டு, சோம்பு வாசம் வரும்ல, அது. ஒரு கிளையைக் கொண்டுவந்து அம்மா கையில குடுத்தாங்க. மோந்து பாத்துட்டுத்தான் ஸ்டிக்கி ரைஸ்ல கை வெச்சாங்க

சுமதி: அந்தத் தேங்காய்ப்பால்ல உப்பு போட்டிருந்தாங்க பாருங்க, மாம்பழத்துக்கு அது எப்படி எடுத்துக் குடுக்குது! அத்தை முழுசும் சாப்பிட்டாங்க, யாழினிக்கு இன்னொண்ணு வாங்க வேண்டியதாப் போச்சு. நாங்க ரெட் ரூபி ஐஸ் இனிப்பும் தப்பாவ் (பார்சல்) பண்ணோம், ஐஸ் கரைஞ்சு தண்ணியாயிருச்சு, அதை வாங்காதீங்க

ரவி: பில் 94 வெள்ளி. ஏழு பேருக்கு. குடுக்கப் போனா அக்கா ஏற்கனவே கட்டிட்டா!!

செல்வி: அரசாங்கம் குடுத்த சிடிசி பற்றுச்சீட்டு மிச்சம் இருந்துச்சு, அந்தக் கடை வாங்குறாங்க. மீதிதான் கைக்காசு

ரவி: என் செலவுன்னு சொன்னேன்ல. பேநவ்ல பணம் அனுப்புறேன்

செல்வி: அதெல்லாம் வேணாம். யாழினிக்கு ஒரு புத்தகம் வாங்கிக் குடு

யாழினி (சுமதி போன்ல): அத்தை புத்தகம் வேணாம்!!!!! 😭

ஞாயிறு

அம்மா: 🎤 குரல் செய்தி (0:38)

செல்வி: அம்மாவுக்கு லெங்குவாஸ் வேணுமாம். ரசத்துல தட்டிப்போட்டுப் பாக்கப் போறாங்களாம். மாமா, தேக்கா பக்கம் போனீங்கன்னா ஒரு துண்டு

குணா மாமா: செவ்வாய்க்கிழமை போறேன். செராயும் வாங்கிட்டு வர்றேன்

சுமதி: அடுத்த சனிக்கிழமையும் புரட்டாசிதானே அண்ணி, மறுபடி அங்கயே போலாமா? யாழினி இப்பவே கேக்குறா

செல்வி: அடுத்த வாரத்துலேருந்து ஒன்பது நாள் ஆன்ட்டி கடை முழுக்க ஜேயாம். மெனுவே வேற. அம்மா நிம்மதியா சாப்பிடலாம்

நவீன்: அப்ப எனக்குக் கிரபாவ் கிடையாதா??

செல்வி: உனக்குக் கேம்ப்ல குக்ஹவுஸ் இருக்குல்ல