நீளம் தாண்டும் மகள் பேச்சைக் குறைத்துவிட்டாள், என்ன செய்யலாம்?

பொன்மலை அப்பா:

வணக்கம். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நீளம் தாண்டுதல் என்றால் உயிர். போன வருடம் 4.62 மீட்டர் தாண்டினாள். இந்த வருடம் 4.30 வருவதே பெரும்பாடாக இருக்கிறது. எல்லா வாய்ப்பிலும் கோட்டைத் தாண்டி மிதித்து ஃபவுல் ஆகி, அளவே பதிவாகாமல் திரும்பிய போட்டியும் உண்டு.

தூரம் குறைந்ததைப் பற்றி நான் எழுதவில்லை. பிள்ளை மாறிவிட்டாள். போட்டி நாள் காலையில் வாந்தி எடுக்கிறாள். இரவில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். தாண்டிய தூரத்தைத் தேதி போட்டு எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பாள். நேற்று எடுத்துப் பார்த்தால் பழைய அளவுகளையெல்லாம் பேனாவால் அடித்து அடித்துத் தாள் கிழியும் அளவுக்குக் கறுப்பாக்கி வைத்திருக்கிறாள்.

பயிற்சிக்குப் போகும் இடத்தில் சனிக்கிழமைதோறும் எடை பார்த்து, பெயர் போட்டுப் பலகையில் எழுதுகிறார்கள். எடை கூடியவர்களுக்குச் சிவப்பு அம்புக்குறி. "சோத்தைக் குறை, காத்துல எழும்பவே மாட்டேங்குற" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம், ஸ்பைக் ஷூ கடிக்கிறதே, புதுசு வாங்கலாமா என்று கேட்டேன். "வேணாம்ப்பா, நான் இல்லைன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றாள். அன்றிலிருந்து எனக்கும் அவள் அம்மாவுக்கும் தூக்கமில்லை.

விளையாட்டு விடுதித் தேர்வு வேறு வருகிறது. அனுப்பலாமா, ஒரு வருடம் நிறுத்திவைக்கலாமா? மனநல மருத்துவரிடம் போனால் பின்னால் தேர்வில் அதைக் காரணம் காட்டுவார்களோ என்று மனைவி பயப்படுகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்குழி டீச்சர்:

சார், விடுதியெல்லாம் அப்புறம். நானும் தாண்டியவள்தான், இப்போது அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. செலவு மிச்சம் என்று அவள் சொன்ன அந்த வார்த்தையை முதலில் கவனியுங்கள். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா கண்ணு?" கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோம் என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் பல பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்து மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். மறுநாளே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி தூரத்துக்கு வருகிறேன். ஷூ கடிக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் பிள்ளை மளமளவென்று வளர்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு உயரம் வேகமாக ஏறுவது பெரும்பாலும் 11, 12 வயதில், பையன்களுக்கு 13, 14-இல். சிலருக்குக் கொஞ்சம் தள்ளியும் வரும். கால் நீண்டால் ஓடும்போது வைக்கிற எட்டும் நீளும். 14 எட்டு ஓடி வந்து தாண்டுகிறாள் என்று வையுங்கள். எட்டுக்கு 2 செ.மீ. கூடினாலே, காலை ஊன்றி எழும்புகிற பலகைக்கு வரும்போது 28 செ.மீ. பிசகிவிடும். பலகையின் அகலமே 20 செ.மீ.தான்! ஃபவுல் ஆகாமல் என்ன செய்யும்? நாலு தடவை சிவப்புக் கொடி தூக்கியதும் பிள்ளைக்குப் பயம் வந்துவிடும். கடைசி மூணு எட்டைக் குறுக்கிக்கொண்டு, குனிந்து பலகையையே பார்த்தபடி வருவாள். வேகம் அங்கேயே செத்துப்போகும்.

இதை யாராவது அவளுக்கு எடுத்துச் சொன்னார்களா? சொல்லியிருக்கமாட்டார்கள். தன்னிடம் இருந்த திறமை போய்விட்டது என்று அவளாக முடிவுகட்டியிருப்பாள். ஓட்டத் தொடக்க மார்க்கை மாதாமாதம் டேப் பிடித்துத் திருத்த வேண்டிய வயது இது. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த வயதில் தாண்டுகிற பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும், வெளியில் சொல்லாமல் மறைப்பார்கள்.

அந்த எடைப் பலகையை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறத்தான் வேண்டும். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு பலவீனப்படும், மனசும் சோர்ந்துபோகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்துவிட்டது. வீட்டம்மாவிடம் சொல்லி விசாரியுங்கள்: வயதுக்கு வந்தபின் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தாலோ, 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தாலும் பிள்ளை சோர்ந்துதான் இருப்பாள்.

பழைய கபடி:

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் மண் தரையில் முட்டி பெயர்ந்து, வாத்தியாரிடம் பிரம்படி வாங்கித்தான் மாநில அணி வரை போனோம். போட்டி என்றால் பயம் இருக்கும்தான். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் என்று ஓடினால் பிள்ளைக்கு மன உறுதி எப்படி வரும்? விடுதிக்கு அனுப்புங்கள், நாலு பேரோடு இருந்தால் சரியாகிவிடும்.

மணல்குழி டீச்சர்:

அண்ணே, உங்களோடு ஆடி, பாதியில் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இங்கே வந்து எழுதமாட்டார்கள். போட்டிப் பயம் எல்லாருக்கும் உண்டு, விசில் ஊதியதும் அது போய்விடும். சாப்பிடாமல், பேசாமல், "நான் இல்லைன்னா" என்று ஒரு பிள்ளை சொல்வது அந்தப் பயத்தில் சேராது. இந்த நிலையில் அவளை வீட்டை விட்டு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

நீச்சல் தம்பி:

அங்கிள், நான் கல்லூரி இரண்டாம் வருடம். பள்ளியில் மாநில அளவில் நீந்தினேன், 15 வயதில் உங்கள் மகள் மாதிரியே இருந்தேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வண்டியில் வீட்டுக்குத் திரும்பும் நேரம். எங்கள் அப்பா நல்லவர்தான், ஆனால் பைக் கிளம்பியதும் "எத்தனை செகண்ட்?" என்பார். பின்சீட்டில் ஈர டவலைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சிக்னலுக்குள் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பேன். ஆலோசகர் ஒருவர் அப்பாவிடம் சொன்னார்: வீடு போய்ச் சேரும்வரை நீச்சலைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்கக்கூடாது, அவனாகப் பேசினால் கேளுங்கள். கொஞ்ச நாள் இரண்டு பேரும் சும்மாவே வந்தோம். அப்புறம் ஒருநாள் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் ஏறினால் கை நடுங்குகிறது என்று நானே சொன்னேன்.

இரண்டாவது, ஆன்ட்டியின் பயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை மருத்துவர் ரகசியமாக வைக்க வேண்டும். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். நம் குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது, செஸ் பயிற்சியாளர்களோடு பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளரும் அவர் கூட இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரென் 2023-இல் பட்டம் வென்ற பிறகு மன அழுத்தத்தில் சிக்கி, ஆட்டத்திலிருந்தே கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தவர். அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், ஜெயித்த பிறகு தனக்கு வந்த வெறுமையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணிப் போட்டியின் நடுவில் விலகினார், 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். இவர்கள் யாரும் அதனால் விளையாட்டை விட்டுப் போய்விடவில்லை, ஆன்ட்டி.

பொன்மலை அப்பா:

எல்லாருக்கும் நன்றி. அன்று ராத்திரியே கேட்டுவிட்டேன். முதலில் முறைத்தாள், அப்புறம் அவள் அம்மா மடியில் விழுந்து ரொம்ப நேரம் அழுதாள். "எப்பவாவது தோணும்" என்றாள். அந்நேரமே 14416-க்குப் போட்டோம், ஒரு அம்மா பொறுமையாக அவளிடமே பேசினார். மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவுதான், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

28 செ.மீ. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கி மறுபடி அவளே போட்டுப் பார்த்தாள். "அப்ப என் மேல தப்பில்லையா?" என்று கேட்டாள், டீச்சர்.

விடுதித் தேர்வுக்கு இந்த வருடம் போகவில்லை. பழைய பயிற்சி இடத்துக்கும் அனுப்பப்போவதில்லை, வேறு ஆள் பார்க்கிறோம். ஆனால் மணலுக்குப் போகணும் என்று அவளே கேட்கிறாள். விடலாமா?

மணல்குழி டீச்சர்:

நிச்சயமாக அவள் மேல் தப்பில்லை, நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடுங்கள். தனியாக வேண்டாம், கூட ஒரு தோழி இருக்கட்டும். டேப் எடுத்துப்போகாதீர்கள், பலகையையும் மறந்துவிடுங்கள். ஆறு எட்டு ஓடி, எங்கிருந்து வேண்டுமானாலும் எழும்பி விழட்டும். போதும் என்று அவள் சொன்னால் அன்றைக்கு அதோடு சரி. புதுப் பயிற்சியாளரைப் பார்க்கப் போகும்போது, பெண்பிள்ளைகளின் எடையை யார் முன்னால் பார்ப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்கு என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மாத்திரையைக் காபி, டீயோடு கொடுக்க வேண்டாம், இரும்புச்சத்து சரியாகச் சேராது. தூக்கம், சாப்பாடு, அழுத நாள் எல்லாவற்றையும் அம்மா ஒரு தாளில் குறித்துவைத்து அடுத்த வாரம் மருத்துவரிடம் காட்டட்டும். நடுவில் அவள் பேச்சு மறுபடி அந்தப் பக்கம் போனால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிப்போங்கள்.