கோவைக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கிறதாம், கருப்பட்டி வியாபாரத்தை அங்கே மாற்றலாமா?

சாயல்குடிக்காரன்

வணக்கம். எனக்குச் சாயல்குடிக்குப் பக்கம். அப்பா காலத்திலிருந்து கருப்பட்டி வாங்கி விற்கிறோம், நான் வந்தபிறகு குண்டு மிளகாய்த் தூளும் சேர்த்து கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறேன். கோவையில் இருக்கிற மச்சான் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு ஒரு வாரமாக விடமாட்டேன் என்கிறான். வாழ எளிதான நகரங்கள் என்று மத்திய அரசு போட்ட பட்டியலில் கோவைக்கு இந்திய அளவில் 7ஆவது இடமாம். "தொழிலுக்கும் குடும்பத்துக்கும் இதைவிட ஊர் ஏதுடா, அங்க உப்புத் தண்ணியக் குடிச்சிக்கிட்டு என்ன பண்ற" என்று கேட்கிறான்.

அவன் சொல்வதும் முழுப் பொய் இல்லை. குடிதண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். ஐப்பசி பிறந்தால் கருப்பட்டி கசியத் தொடங்கிவிடும், கடல்காற்று வேறு. போன வருடம் ஒரே சரக்கில் 40 பாக்கெட் பிசுபிசுத்துத் திரும்பி வந்தது, பிரித்துப் பார்த்தால் உள்ளே தேன் ஊற்றிய மாதிரி இருக்கிறது. வீட்டிலும் பிள்ளை படிப்பைச் சொல்லிக் கோவைதான் வேண்டும் என்கிறார்கள். மொத்தமாகக் கிளம்பலாமா, பாக்கெட் போடும் வேலையை மட்டும் அங்கே மாற்றலாமா? அந்த 7ஆவது இடத்தை நம்பி இறங்கலாமா?

தேவிபட்டினத்து ஆள், இப்போது பீளமேடு

தம்பி, நான் கோவைக்கு வந்து 11 வருடம் ஆகிறது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் சீலிங் மிஷின் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ராமநாதபுரம் போய் ஆள் கிடைக்காமல் மதுரைக்கு பஸ் ஏற்றி அனுப்புவீர்கள். இங்கே கணபதி என்கிற ஏரியாப் பக்கம் எந்தப் பட்டறையில் கொண்டுபோய் வைத்தாலும் சாயங்காலத்துக்குள் ஓட்டிக் கொடுத்துவிடுவார்கள், பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்தே வளர்ந்த ஊர் அல்லவா. தொழிலுக்கு நல்ல ஊர் என்று நான் சொல்வது இதைத்தான், பட்டியலில் இது எந்தக் கட்டத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

சிறுவாணித் தண்ணீர் ருசிக்கு ஈடே கிடையாது. ஆனால் எங்கள் தெருவுக்கு அது வருகிற நாளை காலண்டரில் குறித்து வைக்க வேண்டும், மச்சான் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அப்புறம் கோடவுன் வாடகை, முன்பணம். கருப்பட்டியைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தே பாகு முற்றியதா இல்லையா என்று சொல்கிற ஆள் இங்கே ஒருவர்கூடக் கிடையாது.

வாடைக்காற்று

முதல் விஷயம், அது பழைய செய்தி. 2021 மார்ச்சில் வெளியான 2020ஆம் ஆண்டுப் பட்டியல், யாரோ புதிது மாதிரி சுற்றவிடுகிறார்கள். 10 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிற நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை 4, கோவை 7. சின்ன நகரங்களில் சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10. வேலூர்க்காரர் யாரிடமாவது சித்திரை மாதத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, அதில் நம் ஊர் பின்னால் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், நம் ஊர் அதில் இல்லவே இல்லை. ஸ்மார்ட் சிட்டிகளையும் பெரிய நகரங்களையும் சேர்த்து 111 ஊரைத்தான் அளந்தார்கள். வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், மக்களிடம் கேட்ட கருத்துக்கு 30, நீடித்து நிற்கும் தன்மைக்கு 20, பொருளாதாரத்துக்கு வெறும் 15. தொழில் தொடங்கலாமா என்று பார்க்கப் போட்ட கணக்கே இல்லை அது.

தொழிலுக்கென்றே போட்ட பட்டியல் மட்டும் என்ன வாழ்ந்தது? உலக வங்கி ஒன்று போட்டுக்கொண்டிருந்தது, கடைசியாக இந்தியாவுக்கு 63ஆவது இடம். நம் நாட்டில் அதற்கு எடுத்துக்கொண்டது டெல்லியையும் மும்பையையும் மட்டும். தரவில் குளறுபடி என்று 2021இல் அந்தக் கடையையே சாத்திவிட்டார்கள். இதை நம்பிக் கருப்பட்டிச் சிப்பத்தை லாரியில் ஏற்றாதீர்கள் அண்ணே.

பெரியபட்டினம் அக்கா

எல்லோரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள், கருப்பட்டி ஏன் கசிந்தது என்று யாரும் கேட்கவில்லையே. தம்பி, கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவாவிட்டால் பதநீர் புளிப்பு ஏறும், அதைக் காய்ச்சினால் எவ்வளவு கிண்டினாலும் இறுகாது, சிரட்டையில் ஊற்றும்போது கட்டின மாதிரி இருந்துவிட்டு மழைக்காலத்தில் காட்டிக் கொடுத்துவிடும். கோவைக்குக் கொண்டுபோனாலும் அது கசியத்தான் செய்யும். எங்கள் வீட்டில் மாமியார் ஓலைக் கொட்டானில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார், புகை பட்டுக்கொண்டே இருக்கும், தையில் இறக்கினாலும் கல்லு மாதிரி இருக்கும். நீங்கள் சீசனில் வாங்கியதைச் சும்மா கோடவுனில் அடுக்கிவிட்டு ஐப்பசியில் பாக்கெட் போடுகிறீர்கள் போல. வெயில் இருக்கும்போதே காயவைத்துப் போட்டு முடித்துவிடுங்கள்.

அப்புறம், நம் மாவட்டத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. 2018இல் முன்னேற விழையும் மாவட்டம் என்று தமிழ்நாட்டில் இரண்டே இரண்டைச் சேர்த்தார்கள், விருதுநகரும் நம் ராமநாதபுரமும். பின்தங்கிய ஊர் என்பதை நாசூக்காகச் சொல்வதுதான், எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் புதுத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு கொடுக்கிற பிஎம்இஜிபி கடனில் நகரத்தில் பொதுப்பிரிவுக்கு மானியம் 15 சதவீதம், கிராமத்தில் பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவுக்கு 35. இந்த மாதிரி மாவட்டத்து ஆட்களையும் 2022இல் சிறப்புப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். நடந்துகொண்டிருக்கிற தொழிலுக்குக் கிடையாது, புதிதாகத் தொடங்குவதற்குத்தான். மிளகாய் அரவைக்குத் தனியாக மிஷின் போடுகிற எண்ணம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் இப்போது என்ன நிலவரம் என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வேறு வாங்கியாயிற்று, ராமநாதபுரம் என்ற பேரை வைத்துக்கொண்டு எதற்குக் கோவை முகவரியை அச்சடிக்கிறீர்கள்?

சாயல்குடிக்காரன்

அக்கா சொன்னதும் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்த 40 பாக்கெட்டும் ஒரே காய்ச்சுக்காரரிடம் வாங்கியது. கேட்டதற்கு, அந்த மாதம் சுண்ணாம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கும் என்று அவரே ஒத்துக்கொண்டார். ஒரு வருடமாகக் கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை படிப்பு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை, என்னிடமும் இல்லை. தண்ணீரும் அப்படித்தான். திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிறேன். பீளமேட்டு அண்ணே, அந்தக் கணபதிப் பட்டறையில் ஐந்து எச்பி அரவை மிஷின் என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?